பிடி, தூக்கு, விடு

மழை விழுவதற்குள் காரின் கூரையை மூடியாக வேண்டும். மூடுவதற்குத் தம்பி வேண்டும். தம்பியோடு பேச்சு கிடையாது. பல் டாக்டர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, யாரையும் கூப்பிடாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாடிக் கதவு திறந்தது. தம்பி இறங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும். அவர் காரின் இடப் பக்கம் போய் நின்றார். டாக்டர் வலப் பக்கம் நின்றார்.

"பிடி," என்றார் டாக்டர்.

தம்பி பிடித்தார்.

"தூக்கு."

பின்னால் மடிந்து கிடந்த துணிக் கூரை முனகிக்கொண்டே எழுந்து, இருக்கைகளுக்கு மேலாக வந்து, முன் கண்ணாடியின் விளிம்பில் உட்கார்ந்தது. ஆளுக்கொரு கொக்கியை மாட்டினார்கள்.

"விடு."

தம்பி விட்டார். திரும்பிப் பார்க்காமல் மாடி ஏறிப் போய்விட்டார். எட்டு மாதங்களாக அண்ணன் தம்பிக்குள் நடந்த பேச்சு மொத்தமும் இந்த மூன்று சொற்கள்தான்.

கார் அப்பா விட்டுப் போனது. ஒற்றைப்படைத் தேதிகளில் அண்ணனுக்கு, இரட்டைப்படைத் தேதிகளில் தம்பிக்கு. ஏசி கிடையாது, கூரையைத் திறந்தால்தான் உள்ளே மனிதன் உட்கார முடியும். யாருடைய தேதியானாலும் காலையில் திறக்கவும் மாலையில் மூடவும் மற்றவர் வந்து ஒரு பக்கம் பிடித்தாக வேண்டும். முன்பு தனி ஆளாகச் செய்ததுதான். வண்டிக்கும் வயதாகிறது.

சண்டைக்குக் காரணம் ஒரு கடைவாய்ப் பல். அதைப் பிடுங்கிக்கொள்ள அண்ணனின் கிளினிக்குக்கு வந்த டிரில் மாஸ்டர், ஊசியைக் கண்டதும் நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்தார். அறுநூறு பிள்ளைகளை ஒரே விசிலில் நிறுத்துகிறவர். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிய டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் சிரித்தது போதாதென்று கதவைத் திறந்து, வெளியே காத்திருந்தவர்களிடமும் சொல்லிச் சிரித்தார். காத்திருந்தவர்களில் தம்பியின் தலைமை ஆசிரியரும் ஒருவர்.

"தப்புதான்டான்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க பல்லு கொட்டிடுமா?" என்பாள் டாக்டரின் மனைவி.

"அவன்தான் பேசறதில்ல."

"நீங்க பேசினீங்களா?"

பேசாமல் இருப்பது டாக்டருக்குக் கைவந்த வேலை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேச முடியாதவர்களோடுதான் அவருடைய பகல் முழுக்கக் கழிகிறது.

அன்றைக்கு மழை பெய்துகொண்டிருக்கும்போது அவர் ஜன்னலருகே வெகுநேரம் நின்றார். கூரையைத் தூக்கும்போது தம்பியின் முகம் கோணியதை அவர் பார்த்திருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு பக்கக் கன்னத்தைச் சுருக்கி. தன் எதிரே நிற்பதே அவனுக்கு அவ்வளவு கசக்கிறதா?

"கூரைக்கு மோட்டார் வெச்சுடலாம்னு இருக்கேன்," என்றார். "ஸ்விட்சைத் தட்டினா தானா திறக்கும், தானா மூடும். அவனுக்கு எதுக்குத் தினமும் தொந்தரவு?"

மனைவி அவரைப் பார்த்தாள். "தம்பிகிட்ட பேசறதைவிட மோட்டார் மாட்டறது சுலபமா இருக்கா உங்களுக்கு?"

"ஆமா."

மோட்டார் வந்தால் அந்த மூன்று சொற்களும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதற்காக ஒருவனைத் தினமும் இரண்டு வேளை இம்சை பண்ணிக்கொண்டிருக்க முடியுமா?

கார் எலக்ட்ரீஷியனை எல்லோரும் 'பேட்டரி' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கோளாறானாலும் "முதல்ல பேட்டரியைப் பாத்துடுவோம்" என்று தொடங்குகிறவர். டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் அவர் காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தம்பி சாருக்குத் தெரியுமா?"

"அவனுக்காகத்தான் செய்யறேன்."

பேட்டரி எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். "செஞ்சுடலாம் சார். சின்ன வேலை."

சின்ன வேலைக்கு நான்கு நாள் ஆயிற்று. பக்கத்துக்கு ஒரு மோட்டார், நடுவில் ஒரு சிவப்பு ஸ்விட்ச். காரை வீட்டு வாசலில் நிறுத்தியபோது தம்பி வந்து அந்த ஸ்விட்சை மட்டும் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாடிக்குப் போய்விட்டார்.

"ராத்திரி சாப்பிடலையாம்," என்றாள் மனைவி மறுநாள்.

"ஏன்?"

"மோட்டாரைக் கேளுங்க."

அன்று மாலை டாக்டர் ஸ்விட்சைத் தட்டினார். இடப்பக்க மோட்டார் ஓடியது. வலப்பக்க மோட்டார் யோசித்தது. கூரை ஒரு பக்கமாக எழுந்து, வலிக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மென்று தின்கிறவனின் வாயைப் போலக் கோணிக்கொண்டு நின்றது. டாக்டர் வேறு வழியில்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

தம்பி செருப்புக்கூடப் போடாமல் வந்தார்.

"பிடி. தூக்கு. விடு."

தம்பி விட்டார். ஆனால் உடனே போகவில்லை. மூக்கை உறிஞ்சினார். "கருகுது," என்றார். பிறகுதான் போனார்.

டாக்டர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னிக்கு அவனா ஒரு வார்த்தை பேசினான்."

"என்ன பேசினார்?"

"கருகுதுன்னான்."

"பரவாயில்லையே. எட்டு மாசத்துக்கு ஒரு வார்த்தைன்னு வெச்சுக்கிட்டாலும், பத்து வருஷத்துல சௌக்கியமான்னு கேட்டுடுவார்."

பேட்டரி கருகிய மோட்டாரை எடுத்துவிட்டுப் பெரிய மோட்டார்களாகப் போட்டார். கூடவே, தன் மனசுக்கு ஏதோ உறுத்தியதைப் போல, ஒரு இலவச இணைப்பும் கொடுத்தார். முன் கண்ணாடியின் மேல் ஒரு சின்னக் கறுப்பு வில்லை. "தண்ணி ஒரு சொட்டு பட்டாப் போதும் சார், கூரை தானா மூடிக்கும். நீங்க ஊசி போட்டுக்கிட்டே இருக்கலாம்."

மறுநாள் காலை டாக்டர் காருக்கு வெளியே நின்றபடி குனிந்து, பின் இருக்கையில் பல் செட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாடியில் தம்பியின் மனைவி பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டு கைப்பிடிச் சுவரில் வழிந்து, யோசித்து, வில்லையின் மேல் விழுந்தது. பெரிய மோட்டார்கள் யோசிக்கவில்லை. டாக்டரின் தலை காருக்குள்ளும் உடம்பு காருக்கு வெளியிலும் இருக்க, நடுவில் கூரை வந்து உட்கார்ந்தது. ஹாரன் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

"டேய்," என்றார் டாக்டர்.

எட்டு மாதமாக அந்தச் சொல்லை யாரிடமும் அவர் உபயோகித்திருக்கவில்லை. தம்பி இரண்டிரண்டு படிகளாகத் தாண்டி வந்தார்.

"தலையை வெளிய இழு."

"இழுத்தா காது போயிடும்டா."

"அப்ப உள்ள தள்ளு."

"தோள்பட்டையை என்ன பண்ண?"

"ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணுண்ணா. எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

கடைசியில் தம்பி கூரையைத் தோளால் நெம்பிப் பிடிக்க, டாக்டர் நழுவி வெளியே வந்தார். இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். பேசிவிட்டோம் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. உடனே ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள்.

மூன்றாவது முறை பேட்டரி வில்லையைப் பிடுங்கி எறிந்தார். கொக்கிகளுக்கும் தனி மோட்டார் வைத்தார். கைபடவே கூடாது, படவும் முடியாது. முழுக்க முழுக்க ஆட்டோமேட்டிக். டாக்டர் கடைத்தெரு நடுவில் முதல் முறையாக ஸ்விட்சைத் தட்டினார். கூரை பாதி வழி வந்தது. வானத்தைப் பார்த்து நட்டுக்குத்தலாக நின்றது. அங்கேயே நின்றுவிட்டது. காற்று அதில் மோத, காரே லேசாக ஆடியது. பின்னால் பஸ் ஒன்று கத்தியது. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

டாக்டர் போனை எடுத்தார். தம்பியின் எண்ணை அவர் அழித்திருக்கவில்லை.

பத்து நிமிடத்தில் சைக்கிள் வந்தது. டிரில் மாஸ்டர் விசிலை ஒரு முறை ஊதினார். பஸ் உட்பட எல்லாம் நின்றன. அவர் பின் இருக்கையில் ஏறி நின்று, ஒரு கையால் கூரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "மெதுவா எடு," என்றார்.

கார் நடக்கிற வேகத்தில் பேட்டரியின் கடையை நோக்கிப் போனது. வெகுதூரம் ஒருவரும் பேசவில்லை. முகம் பார்க்க வேண்டியிராத அந்த அமைதி டாக்டருக்குச் சௌகரியமாக இருந்தது. கண்ணாடியில் தம்பியின் இன்னொரு கை தெரிந்தது. அது கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தது.

"என்னடா கன்னத்துல?"

"பல்லு."

"எந்தப் பல்லு?"

"அதே பல்லுதான்."

கார் நின்றேவிட்டது. "இன்னும் எடுக்கலையா? வேற டாக்டர்கிட்ட போயிருப்பேன்னு நெனச்சேன்."

"போனேன். வாசல் வரைக்கும்."

"அப்புறம்?"

"ஊர்ல அண்ணன் ஒருத்தன் பல் டாக்டரா இருக்கறப்போ, உள்ள போய் என்ன சொல்றது? வந்துட்டேன்."

எட்டு மாதம். தினமும் இரண்டு வேளை கூரையைத் தூக்கும்போது கோணிய அந்த முகம். டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் சிரிச்சிருக்கக் கூடாதுடா."

தம்பி கூரையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ரொம்ப நேரம் சிரிச்சே."

"ஆமா."

"ஹெட்மாஸ்டர் இன்னும் சிரிக்கிறாரு."

"அவருக்கு அடுத்த வாரம் வேர் சிகிச்சை இருக்கு," என்றார் டாக்டர். "நான் பாத்துக்கறேன்."

கிளினிக் வழியில்தான் இருந்தது. ஊசியை எடுத்ததும் தம்பி மறுபடியும் மயங்கினார். டாக்டர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, அவர் கண் விழிக்கும்வரை அந்தப் பெரிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பல் அரை நிமிடத்தில் வந்துவிட்டது.

"பஞ்சை நல்லாக் கடிச்சுக்கோ. அரை மணி நேரம் வாயைத் திறக்கவே கூடாது."

அடுத்த தெருவில் பேட்டரியின் கடை. தம்பி காரிலேயே உட்கார்ந்திருக்க, டாக்டர் இறங்கிப் போனார். மனசு லேசாக இருந்தது.

"எல்லா மோட்டாரையும் கழட்டிடுப்பா. நாங்க ரெண்டு பேரும் கையாலயே மூடிக்கறோம். பழையபடி ஆக்கிக் குடு."

பேட்டரி கையைத் துணியில் துடைத்தார். "எந்தப் பழையபடி சார்?"

காரிலிருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. தம்பி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தார். விசிலை வாயில் வைக்கப் பார்த்தார். பஞ்சு இடம் கொடுக்கவில்லை.

"அசையாதடா, ரத்தம் வரும்," என்றார் டாக்டர். பிறகு பேட்டரியிடம் திரும்பினார். "எந்தப் பழையபடின்னா?"

"மன்னிச்சுடுங்க தம்பி சார், மூணு தடவை மோட்டார் மாட்டியாச்சு, இனிமே மறைக்க முடியாது," என்று காரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பேட்டரி சொன்னார்: "இது ஒத்தக் கையால மூடற கூரைதான் சார், எட்டு மாசத்துக்கு முன்னாடி உங்க தம்பிதான் வந்து, ரெண்டு பேர் இல்லாமத் தூக்கவே முடியாதபடி பண்ணிடுன்னு ரெண்டு பக்க ஸ்பிரிங்கையும் கழட்டச் சொல்லி வாங்கிட்டுப் போனாரு."