வாலிபர் சங்கத் தலைவருக்கு வயது ஐம்பத்தைந்து

"வெண்டைக்காயை இப்படியா வெட்டுவாங்க? ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. எல்லாம் ஒரே அளவா இருக்க வேணாமா?"

சேதுபதி முக்காலியை இழுத்துப் போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அரிவாள்மனையில் அவர் மனைவி அன்னம்மாவின் கை கொஞ்சம் வேகமாக ஓடியது.

சேதுபதி துறைமுகத்தில் ஸ்டோர் கிராணியாக, சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். ஐம்பத்தைந்து முடிந்ததும் மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பஃபலோ ரோட்டு வீட்டின் அடுப்படிதான் அவருக்கு ஸ்டோர். மசாலா டப்பாக்கள் உயர வாரியாக நின்றன. கடுகு எப்போது வெடிக்க வேண்டும் என்று அவர் பாடம் எடுப்பது தெருக்கோடி வரை கேட்டது. தெருக்காரர்கள் நாம் யாரும் வேலை மெனக்கெட்டு ஒட்டுக் கேட்கவில்லை. சுவர் அவ்வளவு மெல்லிசு.

"சங்கத்தையும் விட்டுடலாம்னு இருக்கேன் அன்னம். வயசாயிடுச்சு. இனிமே முழு நேரமும் வீட்டோடதான்," என்றார்.

ஓடிக்கொண்டிருந்த கை நின்றது.

சங்கம் என்றால் புதுமலர் வாலிபர் சங்கம். யுத்தத்தில் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே ஆரம்பித்தது. அப்போது எல்லாரும் வாலிபர்கள்தான். அதற்குப் பிறகு யாரும் பதவியிலிருந்து இறங்கவில்லை, அவ்வளவுதான் குறை. தலைவர் சேதுபதி. பொருளாளர் பசுபதிக்கு இரண்டு மூக்குக்கண்ணாடி. செயலாளர் கோவிந்தசாமி கூட்டம் தொடங்கியதும் தூங்கி, நன்றியுரைக்கு எழுந்துவிடுவார். நிஜமான வாலிபர்களுக்கு அங்கே 'பசங்க' என்று பெயர். நாற்காலி போடுவதும் சுவரொட்டி ஒட்டுவதும் அவர்கள் வேலை. வேலை முடிந்தால் அன்னம்மா கையால் மீன்கறிச் சோறு உண்டு என்பதால் யாரும் முணுமுணுத்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, தேநீர்க் கடை ஒலி முகம்மது வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, விஷயம் தெரியுமா? ஞாயித்துக்கெழமை தேர்தல்ல சிவமணி நிக்கிறானாம். தலைவர் பதவிக்கு லா."

சேதுபதி எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது.

"எந்தச் சிவமணி? நாற்காலி போடுற சிவமணியா?"

"அவனேதான்."

"என் சங்கத்துல, எனக்கு எதிராவா?"

"நீங்கதான் விடப்போறேன்னு சொன்னீங்களே," என்றாள் அன்னம்மா, தேங்காயைத் துருவிக்கொண்டே.

"நான் விடுறது வேற, அவன் பிடுங்குறது வேற. போன மாசம் ஆபீஸ்ல வயசைக் காட்டிப் பிடுங்கிட்டாங்க. இதுவும் போச்சுன்னா அப்புறம் நான் யாரு? ரோட்டுல எவன் என்னைத் தலைவரேன்னு கூப்பிடுவான்?"

முதல் காரியமாகத் தலைக்குச் சாயம் அடித்தார். கண்ணாடியில் பார்த்தபோது பிரமாதமாகத்தான் இருந்தது. தேக்கா மார்க்கெட்டுக்குள் நுழைந்து, மசாலாக் கடையைத் தாண்டுவதற்குள் வேர்த்துவிட்டது. நெற்றியிலிருந்து கறுப்பு ஆறு இரண்டு இறங்கி வெள்ளைச் சட்டையில் கலந்தன.

"என்ன அண்ணே, மைக்கூடு கவுந்துடுச்சா?" என்று கடைக்காரி சம்சுன்னிசா கேட்டாள். மத்தியானத்துக்குள் சிராங்கூன் ரோடு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று நம்மைக் கேட்கக் கூடாது.

"தலைக்கு மேல பூசுறதை விட்டுட்டுத் தலைக்குள்ள ஏதாவது போடுங்க," என்றாள் அன்னம்மா. "மாடியில தியாகராசா மக இரஞ்சிதம் யூனிவர்சிட்டியில இதைத்தானே படிக்குது. சமூகவியலோ என்னமோ. போய்க் கேளுங்க."

மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினார்.

"இதுக்கு நிறையத் தியரி இருக்கு அங்கிள்," என்று இரஞ்சிதம் புத்தகத்தைப் புரட்டினாள். "ஒண்டு, விலகல் கோட்பாடு. வயசு போகப் போக மனுசன் சமூகத்தை விட்டு விலகுவான், சமூகமும் அவனை விட்டு விலகும். ரெண்டு பக்கமும் சம்மதம், ரெண்டு பக்கத்துக்கும் நல்லது எண்டு சொல்லுகினம்."

"சம்மதமா? என்னை எவன் கேட்டான்?"

"இது அமெரிக்காவில எழுதினது, அங்கிள்."

"அமெரிக்காக்காரனுக்குப் பஃபலோ ரோட்டைப் பத்தி என்ன தெரியும்? வேற சொல்லும்மா."

"செயற்பாட்டுக் கோட்பாடு எண்டு இருக்கு. வயசு போனாலும் ஓடியாடித் திரியிறவைதான் சந்தோசமா இருப்பினம். ஆனா அங்கிள்..."

ஆனாவுக்குப் பிறகு வந்ததைக் கேட்க அங்கே அங்கிள் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபேரர் பார்க் திடலில் பேட்மிண்டன். சேதுபதியே சிவமணியை அழைத்திருந்தார். ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது, நாமும்தான். தலைவர் அரைக்கால் சட்டையில் துள்ளித் துள்ளி நின்றார். சிவமணி மரியாதையாக, மெதுவாகத்தான் முதல் பந்தைத் தட்டிவிட்டான். எடுக்கக் குனிந்த சேதுபதி, குனிந்தபடியே இருந்துவிட்டார்.

குனிந்தபடியே தூக்கித்தான் மூன்று சக்கர டிரைஷா வண்டியில் வைத்தார்கள். "மெதுவா லா, தலைவர் லா," என்று சிவமணி பின்னாலேயே ஓடிவந்தான். அதுவரை தேர்தல் நடக்கப்போவது தெரியாதவர்களுக்கும் அந்த ஊர்வலத்தைப் பார்த்துத் தெரிந்துவிட்டது.

மறுநாள் இடுப்பில் தைலத்தோடு குப்புறப் படுத்திருந்தவரைப் பார்க்க இரஞ்சிதம் வந்தாள். பாவம், தன்னால்தான் ஆயிற்று என்று அவளுக்கு வருத்தம்.

"இன்னொண்டு மிச்சம் இருக்கு அங்கிள். முரண்பாட்டுக் கோட்பாடு. இருக்கிறதே கொஞ்ச நாற்காலி. அதில இருக்கிறவை, மற்றவை வந்திடக் கூடாது எண்டு வயசைச் சாட்டாச் சொல்லி ஒதுக்கி வைப்பினம்."

சேதுபதி தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கினார். "இதும்மா. இதைத்தானே நான் தேடிக்கிட்டிருந்தேன். வயசைச் சொல்லித்தானே என்னைத் தள்ளப் பாக்கிறானுங்க."

"ஆனா அங்கிள், இதில நாற்காலியில இருக்கிறது ஆர் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ..."

"மிச்சத்தை நான் பாத்துக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. தலைவரால் நிற்க முடியாது என்பதால், சங்கத்திலிருந்த ஒரே சாய்வு நாற்காலியை மேடையில் போட்டு, மெத்தை வைத்து உட்கார வைத்தார்கள். முன்வரிசைகளில் செயற்குழுவும் பழைய உறுப்பினர்களும். நாற்காலி தீர்ந்துபோனதால் பசங்க சுவரோரமாக நின்றார்கள். எப்போதும் நிற்கிற இடம்தான்.

சேதுபதி தொண்டையைச் செருமினார்.

"அன்பர்களே, நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார்? ஓரத்தில் ஒதுக்கப்பட்டு நிற்பவர் யார்? வயதைக் காட்டி ஒருவனைத் தள்ளி வைப்பது என்ன நியாயம்? இந்த ஏற்றத்தாழ்வு இன்றோடு ஒழிய வேண்டாமா?"

எல்லாக் கண்களும் முதலில் மெத்தையைப் பார்த்தன. பிறகு சுவரோரம் திரும்பின. பசுபதி ஒரு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்து, இன்னொன்றை மாட்டிக்கொண்டார். அதிசயமாகக் கோவிந்தசாமி விழித்திருந்தார்.

"அண்ணன் நம்மளைத்தான் சொல்றார்," என்றார் கோவிந்தசாமி, தழுதழுத்து. "இத்தனை வருஷமா பசங்களை நிக்கவே வெச்சுட்டோமே. விட்டுக்கொடுக்கிற இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்லப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

"சிவமணிக்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம்," என்றார் பசுபதி, தன் கையை முதலில் தூக்கி. முன்வரிசைகளில் நரைத்த கைகள் ஒன்று விடாமல் உயர்ந்தன. சேதுபதி கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் திங்கட்கிழமைக் காலை வெண்டைக்காய் தெரிந்தது.

"சேதுபதிக்கு?"

சத்தமே இல்லை. மெல்லக் கண்ணைத் திறந்தார்.

சுவரோரம் நெடுக ஒரே கைக்காடு. பசங்க அத்தனை பேரும். அதில் எல்லாவற்றையும்விட உயரமாக நின்ற கை சிவமணியுடையது. சுவரோரத்தில்தான் ஆள் அதிகம். எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

சேதுபதி மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "என் அருமை பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நாளையிலேருந்து காலையில வந்தா ராத்திரிதான் வீட்டுக்குப் போவேன். தினமும். இது சத்தியம்," என்று அறிவித்தார். பசங்க அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபோது ஒலி முகம்மது தேநீர்க் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டே சிவமணியின் பக்கம் நகர்ந்தார். நாம் அங்கே நின்றுகொண்டிருந்தது தற்செயல்தான்.

"நல்லாத் தோத்தே தம்பி, கெளம்பு, அன்னம்மாக்கா மீன்கறி ஆக்கி வெச்சிருக்காங்க, அடுத்த வருஷமும் நீயே நிக்கணுமாம், மனுஷன் இன்னும் ஒரு வாரம் அடுப்படியில உக்காந்திருந்தா அவங்கதான் வீட்டை விட்டு விலகியிருப்பாங்களாம்."