கேரவன் பாடியும் காட்டூர் மாப்ளையும்

அந்த வாரம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதாங்க. பழைய கேரவன் வண்டியில மக்கிப்போன பாடியக் கழட்டிட்டு, புது பாடியத் தூக்கி சேஸ் மேல, அதான் சக்கரம் மாட்டின அடிச்சட்டத்து மேல, உக்கார வைக்கணும். அவ்ளோதான்.

கேரவன்னா, சினிமா ஷூட்டிங்ல நடிகருங்க உள்ள உக்காந்து ரெஸ்ட் எடுப்பாங்களே, அந்த வண்டி. கட்டில், கண்ணாடி, சின்னதா ஒரு பாத்ரூம் எல்லாம் இருக்கும். ஓடி ஓடித் தேஞ்ச ஒண்ணு சல்லிசா வந்துச்சு, வாங்கிட்டேன். சீசன்ல பூநாரை பாக்க எங்க ஏரிக்கு வர்றவங்களுக்குத் தங்க வாடகைக்கு விடலாம்னு ஐடியா. ஐடியா என்னோடது. இத முதல்லயே எழுதணும்னு எங்க வீட்டுக்காரர் கண்டிப்பா சொல்லிட்டார்.

எஞ்சின் நல்லா இருந்தது. சேஸும் நல்லா இருந்தது. பாடிதான் போச்சு. எங்க ஊரு உப்புக்காத்துல அதோட ப்ளைவுட்டெல்லாம் அப்பளமாயிடுச்சு.

ஒருநாள் கட்டில் பக்கத்துல நின்னு, இங்க டிவி வைக்கலாம், அங்க திரைச்சீலை போடலாம்னு நானே எனக்குச் சொல்லிட்டு இருந்தேன். இடது கால் தரையப் பொத்துக்கிட்டு முழங்கால் வரைக்கும் கீழ போயிடுச்சு.

வீட்டுக்காரர் அந்த நேரம் வண்டிக்கு அடியில ஸ்பேனரோட படுத்திருந்தார். படகு எஞ்சின் மெக்கானிக் அவர். பொண்டாட்டி கால் தலைக்கு மேல தொங்குது, மனுஷன் "கால எடு, வெளிச்சம் மறைக்குது"ன்னார்.

சரி, பாடிய மாத்திடலாம்னு முடிவு பண்ணேன். அதுக்கு அவசரமும் இருந்தது.

என் தங்கச்சி சங்கீதா காட்டூர்ல ஒரு பையன லவ் பண்ணி ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டா. பேரு பிரபு. நெல்லு பயிர் பண்ற குடும்பம். நாங்க மீன்கார குடும்பம். அவங்க அம்மா கல்யாணத்துக்கு வரல. எங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மனசு எறங்கி, "முதல்ல நீ போய் விருந்து சாப்ட்டு வா, எப்படி நடத்துறாங்கன்னு பாத்துட்டு சொல்லு"ன்னு மகன அனுப்பினாங்க.

எங்க அம்மாவும் நைனாவும் போய் ரொம்ப வருஷமாச்சு. சங்கீதாவுக்குப் பொறந்த வீடுன்னா நான்தான். இந்த விருந்துல நான் சொதப்புனா அவ அந்த வீட்டுல தலைநிமிர முடியாது. அதான் எனக்கு பயம், வேற ஒண்ணும் இல்ல.

எங்க வீட்ல இருக்கறதே ஒரு ரூமு. அதுல பாதி எஞ்சின் பார்ட்ஸு. மாப்ளைய எங்க படுக்க வைக்கறது? அதனால, "உங்களுக்குன்னு தனியா ஏசி மாட்ற மாதிரி ரூம் ரெடி பண்றேன்"னு போன்ல பெருமையா சொல்லிட்டேன். வாய் இருக்கே எனக்கு!

பாடி கட்டுற பட்டறைக்கு வண்டிய எடுத்துட்டுப் போனா மாசக்கணக்கா ஆகும்னாங்க. சுண்ணாம்புக்குளம் பக்கம் எங்க குப்பத்துக் கரையிலயே பாஸ்கர் அண்ணன் ஷெட் போட்டு ஃபைபர் படகு செய்யறார். அவர்கிட்ட போய் நின்னேன்.

"படகுதான்மா செய்வேன். வீடெல்லாம் செஞ்சதில்ல"ன்னார்.

"மேல மூடி போட்ட படகுன்னு நெனச்சுக்கோண்ணா"ன்னேன்.

இந்த ஒரு வார்த்தைய நான் சொல்லியிருக்கவே கூடாது.

அதோட நிறுத்தினேனா? தினமும் ஷெட்டுக்குப் போய், சொட்டுத் தண்ணி உள்ள வரக்கூடாதுண்ணான்னு உயிர வாங்கினேன். நான் சொன்னது மழைத் தண்ணிய. அவருக்குத் தெரிஞ்ச தண்ணி கீழ இருந்துதான் வரும். அதனால அடித்தட்டுக்கு மூணு பூச்சு ஃபைபர் போட்டு, ஒரு ஊசி ஓட்டை இல்லாம அடைச்சு வச்சிட்டார். பாக்க அழகா வெள்ளையா ஒரு பெட்டி. ஒரு கதவு, ரெண்டு பக்கமும் ஜன்னல். கட்டிலையும் உள்ளயே போட்டாச்சு.

பழைய பாடியோட போல்டெல்லாம் துருப்புடிச்சு ஒண்ணாயிடுச்சு. கட்டிங் மெஷின் வச்சு அறுத்து எடுத்தோம். குப்பத்து ஆளுங்க கட்டை கட்டி, படகு தூக்கற மாதிரி சத்தம் குடுத்து அப்படியே தூக்கி ஓரமா வச்சாங்க. வச்ச ஒடனே ரெண்டு ஆடு உள்ள ஏறிடுச்சு. இன்னும் எறங்கல.

அடுத்தது புது பாடி. சனிக்கிழமை சாயங்காலம் ஏத்திடறதா பிளான். ஷெட்டுக்கிட்ட மணல்ல வண்டி எறங்காது. ரோட்டு முனையில நிக்குது. மின்கம்பி தாழ்வா இருக்கறதால கிரேனும் உள்ள வராது. பெட்டிய அங்க வரைக்கும் ஆளுங்கதான் இழுக்கணும். மேல காஞ்ச மணல்ல இழுக்கலாம்னாங்க. நான் விடல.

"தண்ணி ஓரமா ஈர மணல் மேல இழுங்க, வழுக்கிட்டு வரும்"னேன்.

நல்லாத்தான் வழுக்கிட்டு வந்துச்சு. பாதி வழி வந்ததும் ஒருத்தருக்குப் போன் வந்தது. எல்லாரும் கயித்தக் கீழ போட்டாங்க.

எங்க ஏரில பாடுன்னு ஒரு மொறை உண்டு. இந்த இடத்துல இன்னிக்கு இந்த ஆளுங்கதான் வலை போடலாம், நாளைக்கு அடுத்தவங்கன்னு. இவங்க பாடு ஞாயித்துக்கெழமைன்னு நான் கவனிக்கவே இல்ல. ராத்திரியே படகு எடுக்கணும். பாட்ட விட்டா மறுபடி மொறை எப்ப வருமோ. திங்கக்கெழமை வந்து ஏத்தித் தர்றோம் அக்கான்னு கெளம்பிட்டாங்க. நான் மட்டும் என் வெள்ளைப் பெட்டியோட தண்ணி ஓரத்துல நிக்கறேன்.

சும்மா இருப்பேனா? பொறுப்பா ஒரு கயித்த எடுத்து பெட்டியக் கட்டினேன். இன்னொரு முனையக் கட்ட மரம் ஒண்ணும் இல்ல. பக்கத்துல எங்க வீட்டுக்காரர் பைக் நின்னுச்சு. அதுல கட்டிட்டு நிம்மதியா வந்து மீன் கழுவ உக்காந்துட்டேன்.

ஞாயித்துக்கெழமை சங்கீதாவோட மாப்ள வந்தார். நல்ல உயரம், புது வேட்டி, அமைதியான ஆளு. நண்டு, எறா தொக்கு, மடவை மீன் வறுவல்னு வரிசையா வச்சேன். வேணாம்னு சொல்லத் தெரியாத பையன், எல்லாத்தையும் சாப்ட்டுட்டார். சாப்ட்டு முடிக்கவும் கரண்டு போகவும் சரியா இருந்தது. வேர்த்துக் கொட்டுது அவருக்கு.

"மாப்ள, உங்க ரூமு இன்னும் வண்டி மேல ஏறல. ஆனா காத்தோட்டமா கரையிலதான் இருக்கு. போய் ஒரு தூக்கம் போடுங்க"ன்னேன்.

போனார். படுத்தார். குறட்டை வாசல் வரைக்கும் கேட்டுச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். விருந்து ஜெயிச்சாச்சுன்னு சங்கீதாவப் பாத்து கண்ணடிச்சேன்.

இப்ப ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, முந்தின நாள் பௌர்ணமி. மழைக்கு அப்புறம், ஏரி கடலோட சேர்ற முகத்துவாரம் நல்லாத் தெறந்திருந்ததால, பொங்கற கடல் தண்ணி ஏரிக்குள்ள தாராளமா ஏறும். மீன்கார வீட்ல பொறந்து, படகு மெக்கானிக்கக் கட்டிக்கிட்டு, மீன் வித்துப் பொழைக்கறவ நான். எனக்கு அது ஞாபகம் வரல.

ரெண்டாவது, எங்க வீட்டுக்காரர் மாப்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்க ஆரம்பாக்கம் போனார். எதுல? பைக்ல. "எந்தப் பயலோ வண்டியக் கட்டி வச்சிருந்தான், அவுத்துப் போட்டுட்டுப் போனேன்"னு அப்புறம் சொன்னார்.

சாயங்காலம் சங்கீதா போன் அடிச்சது. மாப்ளதான். ஸ்பீக்கர்ல போட்டா.

"சங்கீ, உங்க அக்கா வீட்ட காணோம்."

தூக்கக் கலக்கம்னு நெனச்சு நான் போன வாங்கினேன். "ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க மாப்ள, தெரியும்"னேன்.

"பாத்தேன்க்கா. தண்ணி தெரியுது. அந்தப் பக்க ஜன்னல்லயும் தண்ணிதான்."

வெளிய ஓடி வந்து பாத்தேன். பெட்டி இருந்த எடத்துல பெட்டி இல்ல. ஏறின தண்ணி எறங்கும்போது அதையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. தூரத்துல ஏரி நடுவுல வெள்ளையா மெதந்துட்டு இருக்கு. கதவுல வேட்டி கட்டின ஒரு உருவம். சங்கீதா ஓன்னு அழ ஆரம்பிச்சா. "அவங்க அம்மாகிட்ட இன்னான்னு சொல்லுவேன்?"னு என் கையப் புடிச்சிக்கிட்டா.

படகெல்லாம் பாட்டுக்குப் போயிடுச்சு. கரையில இருந்தது ஒரே ஒரு படகு. அதோட எஞ்சின எங்க வீட்டுக்காரர்தான் பிரிச்சு எங்க ரூம்ல போட்டு வச்சிருக்கார்.

ஆனா ஒண்ணு, எங்க ஏரி ஆழம் கெடையாது. அந்த எடத்துல தாராளமா நடக்கலாம். அத மாப்ளைக்குச் சொன்னேன்.

"பயப்படாதீங்க மாப்ள. எறங்கி நடந்து வாங்க. இடுப்பளவு தண்ணிதான்."

கதவுல இருந்து குனிஞ்சு தண்ணியப் பாத்தார். அப்புறம் கேட்டார், "யாரு இடுப்புக்கா?"

வயல்ல வரப்பு மேல நடந்த மனுஷன். நீச்சல் தெரியாது. எறங்க மாட்டேன்னுட்டார். எறங்கச் சொல்றதும் மரியாதை இல்ல. முதல் விருந்துக்கு வந்த மாப்ளைய புது வேட்டியோட சேத்துல நடக்க வுட்டேன்னு ஊர் பேசாதா? அதனால நானே போய் இழுத்துட்டு வர்றதுன்னு முடிவு பண்ணேன்.

தோள்ல கயிறு. புடவையத் தூக்கிச் சொருகினேன். எறங்கப் போறப்பதான் ஞாபகம் வந்தது, மாப்ளைக்கு காப்பி குடுக்கற நேரம். ஃபிளாஸ்க்கத் தலைமேல வச்சிக்கிட்டேன். சங்கீதா பின்னாடி முறுக்கு டப்பாவோட வந்தா. அழுதுட்டேதான் வந்தா, ஆனா டப்பாவ நனைய விடல.

ஒரு செருப்பு சேத்துலயே நின்னுபோச்சு. கிளிஞ்சல் காலக் கிழிச்சுது. ஒரு பள்ளத்துல கால் வச்சு கழுத்து வரைக்கும் உள்ள போயிட்டு வந்தேன். ஃபிளாஸ்க் மட்டும் மேல நிக்குது. சுத்தி இருந்த பூநாரைங்க எங்களப் பாத்துட்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்னுச்சு.

பெட்டிகிட்ட போய் கதவப் புடிச்சு, மூஞ்சில வழிஞ்ச சேத்தத் தொடைச்சிட்டு நிமிர்ந்து பாக்கறேன். மாப்ள கையில போன நீட்டிட்டு நிக்கறார். வீடியோ கால். பயத்துல அவங்க அம்மாவுக்குப் போட்டுட்டார்.

போன்ல ஒரு அம்மா. நெத்தி நெறைய குங்குமம். என்னையே பாக்கறாங்க. சம்மந்தியம்மாவ நான் பாக்கறது அதான் முதல் தடவ.

"நீதான் பெரியவளா?"ன்னாங்க.

"ஆமாங்க அத்தை."

"தலைல இன்னா?"

"காப்பிங்க. மாப்ளைக்கு."

"ஆறிடப் போவுது, குடு"ன்னாங்க. போன் கட்டாயிடுச்சு.

முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பெட்டிய இழுத்துட்டு வர்ற வழி பூரா சங்கீதா மூக்க உறிஞ்சிட்டே வந்தா. மாப்ள உள்ள உக்காந்து முறுக்கு சாப்ட்டார். கரையில பாஸ்கர் அண்ணன் ஓடி வந்தார். ஆளு பொழைச்சாரான்னு கேப்பார்னு பாத்தா, நேரா உள்ள எட்டிப்பாத்து தரையத் தடவினார்.

"பாத்தியா, ஒரு சொட்டு வரல"ன்னார். எனக்கு வந்த கோவத்துக்கு, மிச்சம் இருந்த ஒத்தச் செருப்பு கைக்கு வரப் பாத்துச்சு.

ஐஸ்கிரீமோட வீட்டுக்காரர் வந்தார். அத நானே சாப்ட்டேன்.

மறுநாள் காட்டூர் போய்ச் சேந்து சங்கீதா போன் பண்ணா. அடுத்த ஞாயித்துக்கெழமை நானே வர்றேன்னு சம்மந்தியம்மா சொல்லிட்டாங்களாம். எதுக்குன்னு சொல்லல. நேர்ல வந்து கிழிக்கப் போறாங்கன்னு சங்கீதா ஒரே அழுகை. நான் அந்த வாரம் பூரா தூங்கல. ஆளுங்களக் கூப்ட்டு பெட்டியத் தூக்கி சேஸ் மேல வச்சு, போல்டு மேல போல்டா போட்டு, போட்ட போல்டுக்கு வெல்டிங்கும் வைக்கச் சொன்னேன். வெல்டிங் அதிகம்னு வீட்டுக்காரர்தான் தடுத்தார்.

வந்தாங்க. ஆட்டோல இருந்து முதல்ல ஒரு மூட்டை எறங்குச்சு. அவங்க வயல்ல வெளஞ்ச புது அரிசி. அடுத்து சங்கீதா. கடைசியா அந்தம்மா. கக்கத்துல தலகாணி.

"தலைல காப்பி தூக்கிட்டு கழுத்தளவு தண்ணில வந்தியேம்மா. பெத்தவகூட அப்படி வர மாட்டா"ன்னு என் கன்னத்தத் தடவினாங்க. சொல்றதுக்கு இன்னா, நான் நடுரோட்டுல நின்னு அழுதுட்டேன். சங்கீதா சிரிச்சா. ஒரு வாரத்துல அன்னிக்குத்தான் சிரிச்சா.

கண்ணத் தொடைச்சிட்டு பெருமையா வண்டிகிட்ட கூட்டிட்டுப் போனேன். ஒவ்வொரு போல்டாத் தட்டிக் காட்டினேன். பூகம்பமே வந்தாலும் இனிமே அசையாது அத்தைன்னேன்.

அவங்க சுத்திச் சுத்திப் பாத்தாங்க. மூஞ்சி வாடிப்போச்சு.

"இன்னாம்மா இது, ரோட்டு மேல நிக்குது? முழிச்சுப் பாத்தா சுத்தித் தண்ணி, தண்ணி பூரா பூநாரைன்னு ஒரு வாரமா சொல்லிச் சொல்லி என் உயிர எடுத்தான். அதுக்குத்தான் தலகாணியோட வந்தேன்."

வீட்டுக்காரர் ஸ்பேனர எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போய்ப் படுத்துட்டார்.