பாஸுக்காக மிதித்த சைக்கிள்

தண்ணீரூற்று,
14.03.1999.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் யோகநாதன் அவர்களுக்கு, பொன்னையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பசுமாடும் சுகம். முதுகுதான் ஆறு வருடமாகச் சுகமில்லை. நெளுக்குளத்தில் நீங்களும், உங்களிடம் தங்கி வருத்தத்துக்கு வைத்தியம் செய்துகொள்ளும் உங்கள் அக்கா அமராவதியும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டுகிறேன்.

அமராவதியைப் பார்க்க இங்கிருந்து வெளியேறி வவுனியாவுக்கு வர நான் இயக்கத்திடம் பாஸ் கேட்டது உங்களுக்குத் தெரியும். "மனுசிக்குத்தானே வருத்தம், உங்களுக்கென்ன?" என்று பாஸ் கந்தோரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் முதுகு நோவால் ஒரு பிரயோசனம் உண்டென்று அப்போதுதான் தோன்றியது. வவுனியாவில் வைத்தியம் தேவை என்று டொக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே புதிதாக வந்த டொக்டர் பிரேமிளா, நாட்பட்ட முதுகு நோவுக்காரரின் இருதயமும் மூச்சும் எவ்வளவு தாங்கும் என்று அளக்கிறா. மெஷின் ஒன்றும் இல்லை. ஒரு சைக்கிளின் பின்சில்லைத் தூக்கி நிறுத்தி, சில்லைச் சுற்றி ஒரு பட்டி, பட்டியில் செங்கல். மூன்று நிமிடத்துக்கு ஒரு கல் கூட்டி நாடி பிடிப்பா.

"முதுகு நொந்து நிப்பாட்டிறியளோ, மூச்சு வாங்கி நிப்பாட்டிறியளோ எண்டு சொல்ல வேணும், ஐயா. ரெண்டும் வேற வேற."

இரண்டும் என்று சொன்னால் துண்டு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். இரண்டாவது கல்லில் கிபிர் விமானம் குண்டு போட வந்தது. எல்லோரும் பங்கர் குழிக்குள் பாய்ந்தோம். அங்கேயும் அந்தப் பிள்ளை என் கையை விடவில்லை. "நூற்றி ஐம்பத்தாறு!" என்றா. நான் மற்றக் கையால் அவாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். "உங்களுக்கு அதைவிடக் கூட, பிள்ளை" என்றேன்.

வெளியே வந்ததும், சரியான மோசம் என்று எழுதித் தரச்சொல்லிக் கேட்டேன். "அது கிபிரின்ர கணக்கு, ஐயா. செல்லாது. வியாழக்கிழமை வாங்கோ."

வியாழக்கிழமை வானம் சும்மா கிடந்தது. நாலு கல் வரை மிதித்தேன். முதுகு விண்விண்ணென்று இழுத்தது, ஆனால் நாடி நூற்றிப்பத்தைத் தாண்ட மாட்டேன் என்றது. மூச்சை அடக்கியும் பார்த்தேன். இருமியும் பார்த்தேன்.

"இருதயம் நல்லாயிருக்கு. நோகுமெண்ட பயத்திலைதான் ஒடுங்கிப்போனியள். நடவுங்கோ."

"எங்கை நடக்கிறது, பிள்ளை? வவுனியாவுக்கோ?"

அவா என்னை நிமிர்ந்து பார்த்தா. "மனுசி அங்கையோ?"

"ஓம்."

பேனையை எடுத்துக் கனநேரம் கையில் வைத்திருந்தா. பிறகு மூடிவிட்டா. "பொய் எழுதினா, நாளைக்கு உண்மையான வருத்தக்காரருக்கும் என்ர துண்டு எடுபடாது, ஐயா." எனக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

ஆகையால் வர வழியில்லை. அக்காவிடம், பாஸ் வரப்போகிறது என்றே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும், உங்கள் மனைவிக்கு என் அன்பும் உரித்தாகுக.

இப்படிக்கு,
முதுகைத் தவிர மற்றெல்லாம் திடமான அத்தான்,
பொன்னையா.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வாசல் படலை திறந்தது. உங்கள் அக்கா. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாமே. நீங்கள்தான் பஸ் ஏற்றிவிட்டீர்களாம். இனி இதற்கு வேலையில்லை என்று கிழிக்கப் போனேன். "இஞ்சருங்கோ, கிழிக்காமல் வாசியுங்கோ" என்றா. டொக்டரின் நாடியை நான் பிடித்த கட்டத்தை வாசித்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "தம்பிக்கு அனுப்புங்கோ. அவன் பஸ்ஸடியிலை நிண்டு அழுதவன்." அதற்குப் பிறகு அரைக் கோப்பை கஞ்சி குடித்தா, மூன்று நாளாக ஒன்றும் இறங்கவில்லையாம்.