திங்கட்கிழமைச் சர்க்கரை

நோய்களுக்கு வார விடுமுறை விட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அவர் மேஸ்திரி. நான் பெயிண்ட் அடிக்கிறவன். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கிழமை மேஸ்திரி என்றால் லாரி முதலாளிகளுக்கெல்லாம் தெரியும்.

அவருக்குச் சர்க்கரை, பிரஷர், வயிற்றுப்புண் மூன்றும் இருந்தன. சர்க்கரைக்குச் சேலத்து டாக்டர், பிரஷருக்கு உள்ளூர் டாக்டர், வயிற்றுக்குச் சேந்தமங்கலத்து வைத்தியர். ஒருவரிடம் போவதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டார். மனசு கஷ்டப்படுமாம். ஒருவர் இனிப்பை நிறுத்தினார். ஒருவர் உப்பை நிறுத்தினார். வைத்தியர் பட்டினியை நிறுத்தினார். மூன்று பேர் சொல்வதையும் ஒரே நாளில் கேட்டால் மனிதன் என்னத்தைத் தின்பது என்று யோசித்து, மேஸ்திரி கிழமை பிரித்துக் கொடுத்துவிட்டார். திங்கள், வியாழன் சர்க்கரைக்கு. செவ்வாய், வெள்ளி பிரஷருக்கு. புதன், சனி வயிற்றுக்கு. மாத்திரையும் அப்படியே. ஞாயிறு எல்லா நோய்க்கும் லீவு; அன்றைக்கு மேச்சேரி ஆட்டுக்கறி.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜிலேபி தின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங் மேஸ்திரி, உங்களுக்குச் சக்கரைங்களே."

"அது நேத்தோட முடிஞ்சுதப்பா. இன்னிக்கு உப்புத்தான் ஆகாது."

அப்புறம் ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் கறி கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று, சர்க்கரை மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். பதினோரு மணிக்குச் சுத்தியல் கையிலிருந்து நழுவியது. லாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டை நனைய வேர்வை, கை நடுக்கம், பேச்சில் குழறல். பட்டறைக்கு வருமுன் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவன் நான். அந்த வேர்வையைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. உடனே இனிப்பு கொடுக்காவிட்டால் ஆள் தேறமாட்டார். டீக்கடைக்கு ஓடிச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தேன்.

பல்லைக் கடித்துக்கொண்டார்.

"திங்கக்கெழம. ஆகாது."

"செத்துப் போயிருவீங்க மேஸ்திரி."

"செத்தாலும் திங்கக்கெழமதான்."

சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர் தொங்கியது. ஒரு தாளைக் கிழித்தேன். காலண்டரைக் கழற்றி வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"நல்லாப் பாருங்க. செவ்வாயிங்க."

கண்ணை இடுக்கிப் பார்த்தார். வாயைத் திறந்தார். பாதி டம்ளர் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"உப்புப் போடலயே?"

"இல்லீங்க."

மீதியையும் குடித்தார்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் சேலத்து டாக்டரிடம் நானே கூட்டிப்போய், மூன்று நோயையும் ஒன்றாகப் போட்டு உடைத்தேன். எல்லா நாளும் எல்லா நோயும் உண்டு என்று டாக்டர் தீர்ப்புச் சொன்னார். மாத்திரைகளை மாற்றி எழுதினார். வேர்த்து மயக்கம் வந்தால் வாயில் போட, சட்டைப்பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்க வேண்டும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மேஸ்திரி விரல்விட்டுக் கிழமைகளை எண்ணிக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டதே.

சில மாதம் கழித்து, ஊர் ஊராகப் போய் போர் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போகலாம் என்று நான் கிளம்பினேன். மேஸ்திரி பையிலிருந்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அன்று நான் கிழித்த திங்கட்கிழமைத் தாளில் கட்டியிருந்தது.

"எனக்குச் சக்கரை இல்லீங்களே மேஸ்திரி."

"சோறு தண்ணியில்லாம சுத்தற ஆளு நீ. வெச்சுக்க சாமி. கெழம பாக்காத."

சர்க்கரை மறுநாளே தீர்ந்துவிட்டது. தாள் இருக்கிறது.