பைன் கொட்டையும் சம்மந்தி வீட்டுப் பாயசமும்

விரத நாளில் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்பதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சோறு ஆகாது, அவல் ஆகும். இட்லி பலகாரக் கணக்கில் வந்துவிடும். (எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் அப்பா அப்படித்தான் சாப்பிட்டார்.) பால், பழம், கடலை, முந்திரி, பேரீச்சை எல்லாம் சாமியே பார்த்துக் கொடுத்த சலுகை. மாதா மாதம் கிருத்திகை விரதம் இருந்தும் ஏன் இப்படி ஊதிக்கொண்டே போகிறீர்கள் என்று என் மனைவி சரோஜா கேட்பாள். பக்தி உடம்பில் ஒட்டுகிறது என்பேன்.

விரதத்துக்குள் ஓட்டை தேடியே வாழ்ந்த ஒருத்தனைச் செட்டிகுளத்து முருகன் எப்படிப் பிடித்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். என் மகள் மேகலா டிகிரி முடித்துவிட்டுப் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த பையன்களையெல்லாம் அவள் ஒவ்வொரு காரணம் சொல்லித் தள்ளினாள். ஒருத்தன் போனையே பார்த்தானாம். ஒருத்தன் அவன் அம்மாவையே பார்த்தானாம். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து செந்தில் வந்துவிட்டுப் போன அன்றைக்கு மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கம் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. "புடிச்சிருக்குங்க" என்று சரோஜா என் காதில் சொன்னாள்.

செந்தில் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீசியன். சொந்தமாக முந்திரித் தோப்பு. நல்ல குடும்பம். எல்லாம் பேசியாகிவிட்டது. பாக்கி இருந்தது கை நனைப்பது ஒன்றுதான்.

எங்கள் பக்கம் சம்மந்தம் பேசும்போது, முடிவாகிற வரைக்கும் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் சாப்பிட மாட்டோம். காபித் தண்ணியோடு சரி. என்றைக்கு இலை போட்டு உட்கார்ந்து கை நனைக்கிறோமோ, அன்றைக்கு இரண்டு பக்கமும் சம்மதம் என்று அர்த்தம். இலையில் முதலில் விழுவது இனிப்பு. அதைப் பெண்ணின் அப்பன் எடுத்து வாயில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் முடிந்தது கல்யாணம். இதற்குப் படிப்பு, பணம், திறமை எதுவும் தேவையில்லை. வாய் இருந்தால் போதும். அந்த ஒன்றைத்தான் என்னால் ஒழுங்காகச் செய்ய முடியாமல் போனது.

கை நனைக்கிற வாரத்தில் சரோஜாவின் தம்பி ரவி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தான். அங்கே கட்டட வேலை. எல்லோருக்கும் சோப்பு, தைலம், சாக்லேட் கொண்டுவந்தவன் எனக்கு மட்டும் தனியாக ஒரு டப்பா கொடுத்தான். மேலே சீன எழுத்து. உள்ளே வெள்ளரி விதைக்கு அண்ணன் மாதிரி ஒரு கொட்டை, சீனிப்பாகு பூசிப் பொன்னிறத்தில் மினுமினுத்தது.

"பைன் மரத்துக் கொட்டை மாமா. சும்மா கடலை மாதிரி நெனைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் பேசியது பள்ளிக்கூடத்தில் சத்துணவைப் பற்றிப் பாடம் நடத்துவது போல இருந்தது. புரதம் இருக்காம். இதயத்துக்கு ஒத்துப்போகிற கொழுப்பு இருக்காம். இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் என்று ஒரு பழைய இரும்புக் கடையே அதற்குள் இருக்காம். எனக்கு அதில் புரிந்தது "நல்லது" என்ற ஒரு சொல்தான்.

மேகலா டப்பாவைத் திருப்பி, ஓரத்தில் இருந்த ஆங்கிலத்தைப் படித்தாள். கொட்டை நல்லதுதான், ஆனால் மேலே பூசியிருப்பது வெறும் சீனி, ஒரு சின்னக் கைப்பிடிக்கு மேல் வேண்டாம் என்றாள். ரவியும் அதையேதான் சொன்னான். ஐஸ்கிரீம் மேல், கேக் மேல் கொஞ்சம் தூவுவார்களாம். பச்சைக் கீரையும் பழமும் நறுக்கி அதன்மேல் தூவியும் சாப்பிடுவார்களாம். சீனி பூசாத கொட்டையாக இருந்தால், நம் ஊர்த் திருநீற்றுப் பச்சிலை போல ஓர் இலையோடு சேர்த்து அரைத்துத் துவையல் செய்கிற வெள்ளைக்காரர்களும் உண்டாம். (திருநீற்றுப் பச்சிலை என்று காதில் விழுந்ததுமே அந்தக் கொட்டை மேல் எனக்குப் பக்தி வந்துவிட்டது.)

சரோஜாவுக்குப் பொறுக்கவில்லை. கொட்டை என்றால் நெய்யில் வறுக்க வேண்டும் என்பது அவள் சட்டம். முந்திரியை வறுப்பது போல ஒரு கரண்டி அள்ளி நெய்யில் போட்டாள். மேலே இருந்த சீனி கருகி, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ரோடு போடுகிற தார் மாதிரி வாணலியில் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் ரவி சொன்னான், ஏற்கெனவே வறுத்தது, கேசரியை இறக்கிய பிறகு மேலே தூவினால் போதும் என்று. தூவினாள். நன்றாகத்தான் இருந்தது. மொறுமொறு என்று கடித்தால் உள்ளே வெண்ணெய் போலக் கரைந்தது.

மறுநாள் கிருத்திகை.

கொட்டை விரதத்துக்கு ஆகும். சீனியும் ஆகும். இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஆகாமல் போய்விடுமா? காலையில் குளித்துத் திருநீறு பூசி, ஒரு கைப்பிடி போட்டுக்கொண்டேன். வெங்காய வயலுக்குப் போகும்போது சட்டைப் பையில் கொஞ்சம். வரப்பில் உட்கார்ந்து கொஞ்சம். வெயில் ஏற ஏற விரதம் கடுமையானது, அதனால் கொட்டையும் கூடியது. சாயங்காலம் முருகன் மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்து டப்பாவைத் திறந்தால், அடியில் சீனித்தூள்தான் இருந்தது. விரலில் தொட்டு அதையும் முடித்தேன். பச்சைத் தண்ணீர் கூடச் சரியாகக் குடிக்காமல் விரதம் இருந்ததாகப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

விரதத்துக்கு மறுநாளே கை நனைக்கிற நாள். விருந்துக்குப் போகிறோமே என்று காலையில் நான் எதுவும் சாப்பிடவில்லை. வேன் வைத்துக்கொண்டு கிளம்பினோம். வழக்கப்படி மேகலா வீட்டில் இருந்துவிட்டாள். வேன் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "அப்பா, அங்க போயி வெங்காய வெலையெல்லாம் பேசிட்டு இருக்காதீங்க" என்றாள். அவ்வளவு பயம் அவளுக்கு. அரியலூரில் இறங்கி டீ குடித்தோம். ஒரே கசப்பு. டிகாஷனைப் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறான் என்று டீக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். ரவி என்னை இழுத்துக்கொண்டு வந்து வேனில் ஏற்றினான்.

ஜெயங்கொண்டம் தாண்டி முந்திரித் தோப்புக்கு நடுவில் வீடு. செந்திலின் அம்மா விசாலாட்சி வாசலுக்கே வந்து அழைத்தார்கள். அவர்கள் செய்கிற முந்திரிப் பாயசம் சொந்தக்காரர்கள் மத்தியில் பிரசித்தமாம். அதைச் செந்திலின் அப்பா சொன்னார், அவருடைய தங்கச்சி சொன்னார், வந்திருந்த எல்லோரும் சொன்னார்கள். சொந்தத் தோப்பு முந்திரியை ஊறவைத்து, அரைத்து, பாலில் விட்டுச் செய்ததாம்.

இலை போட்டார்கள். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முருகா என்று சொல்லிப் பாயசத்தை எடுத்து வாயில் விட்டேன்.

வேப்பங்கொட்டையை அரைத்துத் துருப்பிடித்த ஆணியால் கலக்கி ஊற்றியது போல இருந்தது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் வழியில்லை. என் முகம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. சரோஜா பிறகு சொன்னாள், காதில் எறும்பு புகுந்த மாடு மாதிரி இருந்ததாம்.

எப்படியோ முழுங்கிவிட்டு, வெள்ளந்தியாகக் கேட்டேன்: "ஏங்க, பாயசத்துல வேப்பம்பூ ஏதாச்சும் போடுற வழக்கம் உண்டுங்களா?"

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. விசாலாட்சி அம்மா ஒரு சொட்டுக் கையில் விட்டு நக்கிப் பார்த்தார்கள். செந்திலின் அப்பா குடித்துப் பார்த்தார். ரவி குடித்துப் பார்த்தான். "தேன் மாதிரி இருக்கு மாமா" என்றான் துரோகி.

சரி, சாம்பாரைத் தொட்டு நிலைமையைச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். கசந்தது. ரசம் கசந்தது. அப்பளம் கசந்தது. தண்ணீரை எடுத்துக் குடித்தால் அதுவும் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. செட்டிகுளத்து முருகன் கையில் கரும்பு பிடித்திருக்கிற சாமி. அவரைக் கும்பிடுகிறவனுக்கு இனிப்பே கசக்கிறது என்றால் என்ன அர்த்தம்? இந்தச் சம்மந்தம் வேண்டாம் என்கிறாரா? மனசில் நினைத்ததோடு விட்டிருக்கலாம். "முருகா, இது உன் உத்தரவா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

செந்திலின் அத்தை, அதாவது அவன் அப்பாவின் தங்கச்சி, தூணில் சாய்ந்தபடி பேசினார்: "பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேராவே சொல்லிட்டுப் போவலாம். எங்க அண்ணி பாயசத்து மேல ஏன் பழியப் போடணும்?"

சரோஜா என் தொடையைக் கிள்ளிய இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது. எதிரே செந்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மழையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவள் என் கண் முன்னால் வந்தாள். "எல்லாமே கசக்குதுங்க. சத்தியமா" என்றேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. விசாலாட்சி அம்மா விறுவிறு என்று உள்ளே போனார்கள். அழப்போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அழவில்லை. சர்க்கரை டப்பாவோடு வந்தார்கள். என் முன்னால் உட்கார்ந்து, ஒரு கரண்டி எடுத்து என் இடது கையில் கொட்டி, "இதச் சாப்புட்டுச் சொல்லுங்க" என்றார்கள்.

சாப்பிட்டேன். "கசக்குதுங்க."

வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்கள். கசந்தது. ஒரு துண்டு வெல்லம். அது ரொம்பவே கசந்தது. ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மா எழுந்து வாசலுக்குப் போய், வேப்பமரத்தில் ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இது?"

மென்றேன். யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, சாமி காரியம்.

"இது பரவாயில்லைங்க" என்றேன்.

முதலில் சிரித்தவர் செந்திலின் அப்பா. அப்புறம் வீடே சிரித்தது. தூணில் சாய்ந்திருந்த அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ரவிக்கு மூளை வேலை செய்தது.

"மாமா, அந்த டப்பா முழுசையும் நீங்களே தின்னீங்களா?"

"விரதம்டா" என்றேன்.

சிங்கப்பூரில் அவன் அறையில் ஒருத்தனுக்கு இப்படித்தான் ஆனதாம். அந்தக் கொட்டையில் ஏதோ ஒரு வகை, சில பேருக்கு மட்டும், தின்று ஓரிரு நாள் கழித்து நாக்கை இப்படிப் பண்ணிவிடுமாம். வேறு கெடுதல் இல்லை, எதைத் தின்றாலும் கசக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். இத்தனை சத்தையும் ஒப்பித்தவன் இதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒரு கைப்பிடின்னுதான சொன்னேன்" என்றான்.

பாயசத்தின் மேல் விழுந்த பழி நீங்கியது. ஆனால் அத்தைக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. பெண்ணின் அப்பா ஒழுங்காக ஒரு வாய் சாப்பிடவில்லையே, இது கை நனைத்த கணக்கில் வருமா? நாக்கு சரியானதும் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருத்தர். ஆனி முடியப் போகிறது, ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் எதுவும் செய்ய முடியாது என்றார் இன்னொருத்தர். பேச்சு வளர்ந்தது. எல்லோரும் மறுபடியும் என் கையையே பார்த்தார்கள்.

"புது இலை போடுங்கம்மா" என்றேன்.

அன்றைக்கு நான் சாப்பிட்டதுதான் என் வாழ்க்கையில் இருந்த உண்மையான விரதம். சாம்பார் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு, கூட்டு, பொரியல், வடை என்று எதையும் ஒதுக்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் முருகா என்றேன். (பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பெரிய பக்தன் என்று நினைத்திருப்பார்கள்.) கடைசியாக இரண்டு டம்ளர் பாயசம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது டம்ளரை வைத்தபோது விசாலாட்சி அம்மா, "போதுங்க சம்மந்தி, உங்க மனசு தெரிஞ்சு போச்சு" என்றார்கள். சம்மந்தி என்று அவர்கள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வேனில் ஏறியதும் மேகலாவுக்குப் போன் போட்டு முடிந்தது என்றேன். "சாப்பாடு எப்படிப்பா?" என்று கேட்டாள். பிரமாதம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

நாக்கு ஒரு வாரத்துக்கு மேல் படுத்திவிட்டுத் தானாகச் சரியானது. ஆவணியில் கல்யாணம். கிருத்திகை விரதம் இப்போதும் உண்டு, பாலும் பழமும் மட்டும். கொட்டை என்ற பேச்சே கிடையாது. சரோஜா அந்தச் சீன எழுத்து டப்பாவைக் கழுவிப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள், உள்ளே திருநீறு. ஒவ்வொரு நாளும் அதில் விரலை விடும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

சம்மந்தி வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் இன்றைக்கும் என் இலையில்தான் பாயசம் முதலில் விழும். ஓரத்தில் ஒரு வேப்பங்கொழுந்தும் வைப்பார்கள். பந்தி முழுக்கக் கை வைக்காமல் காத்திருக்கும். "எப்படிங்க சம்மந்தி?" என்று விசாலாட்சி அம்மா கேட்பார்கள். நான் பாயசத்தை வாயில் விட்டு, கொஞ்சம் யோசித்து, "இது பரவாயில்லைங்க" என்பேன். கூடம் முழுக்கச் சிரிக்கும். மேகலாதான் அதிகமாகச் சிரிப்பாள்.

அவர்கள் அதைக் கேலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாக்கு சரியான பிறகு, கல்யாணப் பந்தியில்தான் அந்தப் பாயசத்தை முதல்முதலாக ருசி தெரிந்து குடித்தேன். கொஞ்சம் அடிப்பிடித்த வாசம். இன்றைக்கு வரைக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இது எனக்கும் செட்டிகுளத்து முருகனுக்கும் மட்டும் தெரியும். சாமி காரியத்தில் பொய் சொல்லக் கூடாது என்பதால், நான் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.