ஐந்து பேரைச் சாய்த்த தயிர்சாதம்

என் கையால் சாப்பிட்டவர்கள் என்னை எளிதில் மறக்க மாட்டார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது நான் பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். வேலை வைட்ஃபீல்டில். தருமபுரியிலிருந்தபடியே அம்மா எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள். பெண் பெயர் நித்யா, ஊர் ஆனேக்கல். ஒரு மருத்துவமனை லேபில் வேலை செய்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்துவிட்டது (அவள் ஒருமுறை சிரித்ததை வைத்து நானே எடுத்த முடிவு). பாக்கி ஒன்றே ஒன்றுதான். நான் குடியிருக்கும் வீட்டை அவள் வீட்டார் வந்து பார்க்க வேண்டும். பார்த்துத் திருப்தியானால் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பார்கள்.

தான் வந்து சமைத்துத் தருவதாக அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையே சமைத்துப் போட்டார் என்று ஆனேக்கலில் நாலு பேர் பேச வேண்டும் என்பது என் ஆசை. (பேசினார்கள்.)

விருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம். வெள்ளிக்கிழமை காலை எனக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தன. அதே வாரம் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் இதே காரணத்துக்கு லீவு போட்டிருந்தார் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. சனிக்கிழமை காலை எல்லாம் நின்றுவிட்டது. ஞாயிறு காலை புது ஆளாக எழுந்தேன். வயிறு சரியாகிவிட்டது, ஆகவே நானும் சரியாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருப்பாள்.

சுத்தம் பார்க்காதவன் என்று மட்டும் என்னைச் சொல்ல முடியாது. கொரோனா காலத்திலிருந்து சானிடைசர் பாட்டில் என்னோடு ஒட்டிப் பிறந்ததுபோல் கூடவே இருக்கும். கழிவறையிலிருந்து வந்தாலும் அதுதான், காய் நறுக்கப் போனாலும் அதுதான். வீட்டில் கை கழுவும் சோப்பு வாங்கி வைத்தபடியே மாதக்கணக்கில் பிரிக்காமல் கிடந்தது. அன்றும் நாலு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டு சாம்பார், கூட்டு, அப்பளம் எல்லாம் முடித்தேன். கடைசியில் தயிர்சாதம். அம்மா போனில், “கரண்டியால கிண்டாதடா, கையால பெசஞ்சாத்தான் அது தயிர்சாதம்” என்றாள். பிசைந்தேன். ஆறிப்போன சாதத்தில் மணிக்கட்டு வரை விட்டு, ஒரு பருக்கை தப்பாமல் பாசத்தோடு பிசைந்தேன்.

நித்யா, அவள் அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா என்று ஐந்து பேர் வந்தார்கள். நித்யாவின் அப்பா தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். குழாயைத் திறந்து பார்த்தார், ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். சாப்பிட உட்கார்ந்து தயிர்சாதத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். அந்தக் கரண்டியிலேயே எனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை சாயந்திரம் நித்யா போன் செய்தாள். குரலே இல்லை. வீட்டில் ஐந்து பேரும் படுத்துவிட்டார்களாம், ஒரே கழிவறைக்கு வரிசையாம். மாப்பிள்ளை வீடு பார்த்த மறுநாளே இப்படி ஆனால் சகுனம் சரியில்லை, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அத்தை படுத்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. போன வாரம் உங்களுக்கு வாந்தி ஏதாவது இருந்துதா?”

தயிர் வாங்கிய கடைமேல் பழி போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், சானிடைசர் உட்பட. (அதை என் பக்கத்து வாதமாகத்தான் எடுத்து வைத்தேன்.) அவள் பெருமூச்சு விட்டாள். இது நோரோ வைரஸ் மாதிரிதான் இருக்கிறது என்றாள். அதை சானிடைசர் பெரிதாக ஒன்றும் செய்யாது, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். கண்ணுக்குத் தெரியாத துளி போதும், அடுத்தவரைச் சாய்த்துவிடும். வாந்தி நின்ற பிறகும் உடம்பிலிருந்து வந்துகொண்டிருக்கும், ஆகவே குறைந்தது இரண்டு நாளாவது மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது. நான் ஒரே நாளில் சமையலில் இறங்கியிருந்தேன். கழிவறையையும் குழாய்ப் பிடியையும் ப்ளீச்சிங் கரைசலால் துடையுங்கள் என்று சொல்லி, பேச்சை நிறுத்திவிட்டு ஓடினாள். அவள் முறை வந்துவிட்டது.

வாயைத் திறக்காமல் இருந்தால் சகுனத்தின் பேரில் நித்யா போய்விடுவாள். திறந்தால் மானம் போய்விடும். அவளை இழக்க எனக்குத் துணிவில்லை. அவள் அப்பாவுக்கே போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. (மறுபடி ஓடிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.) பிறகு நிதானமாகச் சொன்னார்.

“சகுனம் சரியில்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கை சரியில்லன்னா சோப்பு இருக்கு மாப்ள.”

அதுவரை என்னை ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டு வந்தார். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். பிறகு போய்க் கை கழுவினேன்.

கல்யாணத்தில் சீர்வரிசைத் தட்டுகளில் பழத்துக்கும் கல்கண்டுக்கும் நடுவே ஒரு தட்டு நிறைய சோப்புக் கட்டிகள். மாமனார் ஏற்பாடு. ஆல்பத்தில் அந்தப் படத்துக்குத்தான் முழுப் பக்கம். இன்றும் ஆனேக்கல் வீட்டில் நான் சமையலறைப் பக்கம் திரும்பினால் போதும், அன்று தீர்ப்புச் சொன்ன அதே அத்தை முன்னால் வந்து சோப்பை நீட்டுவார்.

“மொதல்ல அந்தச் சகுனத்தக் கழுவிட்டு வாங்க மாப்ள.”