கையை வேவு பார்க்கும் பெட்டி

இயேசு மரி சூசை துணை

ஆம்பூர்,
சனிக்கிழமை.

பெங்களூரில் வீடியோ கேம் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் மருமகப்பிள்ளை கௌதம் அவர்களுக்கு, மாமனார் ஆரோக்கியசாமி ஆசீர்வாதத்தோடும் கொஞ்சம் சந்தேகத்தோடும் எழுதுவது.

நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அப்படி எழுத்தில் கொடுத்தால் அது யார் கைக்குப் போய்ச் சேருமோ தெரியாததால், சுமாராக இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளவும். நீங்களும் ஜாஸ்மினும் நன்றாக இருக்க மாதாவை வேண்டுகிறேன், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். முழங்கால் வலிக்கிறது என்று ஜாஸ்மினிடம் போனில் சொன்ன அன்றைக்கே அதே போனில் முழங்கால் தைலத்துக்கு விளம்பரம் வந்தது. அதிலிருந்து முக்கியமான விஷயம் எதையும் நான் போன் இருக்கும் அறையில்கூடப் பேசுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்து எங்கள் டிவிக்குக் கீழே வைத்தீர்கள். மாமனாருக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம், இருந்தாலும் பிள்ளை ஆசையாகக் கொடுக்கிறதே என்று வாங்கிக்கொண்டேன். அதோடு வந்த கைப்பிடி முழுக்கப் பட்டன். ஷூ கம்பெனி கட்டிங் செக்ஷனில் ரிட்டயர் ஆகிறவரை தோலை இழுத்துப் பிடித்துப் பழகிய என் கட்டைவிரல் ஒரு பட்டனை அமுக்கினால் பக்கத்தில் இருப்பதும் கூடவே அமுங்கியது. திரையில் ஓடிய பொம்மை சுவரில் முட்டிக்கொண்டே நின்றது, நானும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றோடு உங்கள் அத்தை பெட்டிமேல் பூப்போட்ட துணி விரித்து மாதா சுரூபத்தை வைத்துவிட்டார். பெட்டியால் எங்களுக்குத் தொந்தரவு இல்லை, எங்களால் பெட்டிக்கும் தொந்தரவு இல்லை.

ஈஸ்டர் முடிந்து மறுபடி வந்தீர்கள். விரல் நீளத்துக்கு ஒரு கேமராவை டிவி தலையில் உட்கார வைத்துவிட்டுத் தீர்க்கதரிசனம் சொல்ல ஆரம்பித்தீர்கள். "மாமா, இந்தப் பெட்டி செத்துப்போச்சு, புதுசு போடணும்னு கம்பெனில எல்லாரும் சொல்றாங்க. பெட்டில கோளாறே இல்ல மாமா. அந்தக் கைப்பிடிதான் பாதி ஜனத்தை வெரட்டுது. அதைத் தூக்கிப் போட்டுட்டு ஆளோட கை அசைவையே பெட்டி புரிஞ்சிக்கிட்டா, இதுவரைக்கும் தொடாதவங்கள்லாம் வந்து நிப்பாங்க. பாத்துக்கிட்டே இருங்க, இதே பழைய பெட்டி வீட்டுக்கு வீடு ஓடும்" என்றீர்கள். மேலதிகாரிகள் சிரித்தார்களாம், இருந்தாலும் பரீட்சை பார்க்க நாலைந்து வீடுகளைக் கொடுத்தார்களாம், அதில் ஒன்று எங்கள் வீடாம். ஜனம் விளையாடினால் உங்களுக்குத் தனி டிபார்ட்மெண்ட், விளையாடாவிட்டால் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு ஊர்ப் புகாரெல்லாம் கேட்கிற பழைய நாற்காலி. "நீங்க தினம் விளையாடுங்க மாமா, அது போதும். கை எப்படி அசையுதுன்னு பெட்டியே கம்பெனிக்கு அனுப்பிடும்."

தழும்பு விழுந்த தோலைத் தேய்த்துப் பூச்சு அடித்து முதல் தரம் என்று தள்ளிவிடுகிற வேலையை எங்கள் பக்கம் நிறையப் பார்த்தவன் நான். பழைய பெட்டிக்குக் கேமரா ஒட்டுவதும் அந்த ரகம்தானோ என்று முதலில் தோன்றியது. அதையாவது விட்டுவிடலாம். பெட்டியே அனுப்பிவிடும் என்றீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கை அசைவை யாருக்கு மாப்பிள்ளை அனுப்பும்?

உங்களுக்கு எங்கள் தொழில் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஷூ கம்பெனியில் ஒர்க் ஸ்டடி என்று ஒன்று உண்டு. அதிகாரி ஒருத்தர் ஸ்டாப் வாட்சோடு வந்து தைக்கிறவர்களுக்குப் பின்னால் நிற்பார். கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்து, லைன் மொத்தத்துக்கும் டார்கெட் போடுவார். அவர் வாசலில் கால் வைத்ததுமே லைனில் ஒரு மாற்றம் வரும். ஓடிக்கொண்டிருந்த நூல் தானாக அறுந்துபோகும், பாபின் காலியாகும், ஒரு பெண்ணுக்குத் தாகம் எடுக்கும், இன்னொரு பெண்ணுக்குக் கண்ணில் தூசி விழும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரே ஒருத்தி அன்றைக்குத் தன் நிஜ வேகத்தைக் காட்டிவிட்டால் போதும், அவ்வளவு வேகம் வராத மற்றவர்களெல்லாம் ஒன்றுக்கும் போகமுடியாமல் தைத்துச் சாக வேண்டும். உங்கள் அத்தை அமிர்தவள்ளி இருக்கிறாரே, ஆம்பூர் பக்கம் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறவர்களில் அந்தக் கைக்கு ஈடு கிடையாது. ஆனால் பின்னால் வாட்ச் வந்து நின்றால் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுக்கிற மாதிரி தைப்பார். இந்த விஷயத்தை லைன் பெண்கள் வெளியே விட்டதில்லை. நீங்களோ, பின்னால் ஆளே நிற்காத ஒரு ஸ்டாப் வாட்சை எங்கள் கூடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அதில் நீங்கள் போட்டுக்கொடுத்த விளையாட்டாவது ஒழுங்கானதா? பந்து விளையாட்டு இல்லை, கார் ஓட்டம் இல்லை. பெல்ட்டில் கேக் வரிசையாக ஓடிவரும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு செர்ரிப் பழம் வைக்க வேண்டும், வைக்க வைக்க பெல்ட் வேகம் எடுக்கும். உலகத்தில் விளையாட்டுக்கா பஞ்சம்? ஷூவைக் கேக் என்று மாற்றிவிட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? முதல் நாள் உங்கள் அத்தை ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவிவிட்டு, சும்மா டிவி முன்னால் நின்று கையை ஆட்டியிருக்கிறார். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி இங்கிலீஷில் கத்துகிற சத்தம் கேட்டு ஓடிவந்தால் திரை முழுக்க நட்சத்திரம் வெடிக்கிறது, மார்க் போடுகிற இடத்தில் எண் நிற்க இடமில்லாமல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். "இன்னா வேல பண்ண நீ, கையை அப்படியே காட்டிக் குடுத்துட்டியே" என்றேன். "கேக்குதானேங்க" என்றார். முகம் கொஞ்சம் வாடிப்போயிற்று, ஆனால் லைன் முழுக்க மாட்டிக்கொள்ளுமே என்கிற பயத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பயந்த மாதிரியே அடுத்த வாரம் கம்பெனியில் தமிழ்வேந்தன் என்று ஒரு புது ஆபீசர் வந்து, உங்கள் அத்தை உட்காரும் லைனுக்கு நேரே ஸ்டாண்ட் போட்டு ஒரு கேமராவை வைத்தாராம். எந்த ஊர் ஆள் என்று விசாரித்தால் பெங்களூர். பக்கத்து வீட்டு முக்தார் அகமது பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் தோல் மண்டியில் இருந்தவர், எதையும் நாலு பக்கம் புரட்டிப் பார்க்காமல் பேசமாட்டார். "கேமராவும் பெங்களூரு, ஆபீசரும் பெங்களூரு, மாப்பிள்ளையும் பெங்களூரு. இதுல கேக்க இன்னா இருக்குது அண்ணே, விஷயம் ஜாஸ்தியா இருக்கும்போல" என்றார். எனக்குத் தூக்கம் கம்மியாகிவிட்டது.

கேமராவைத் துணி போட்டு மூடினால் உங்களுக்குச் சந்தேகம் வரும். அதனால் வேறு ஏற்பாடு செய்தேன். தினம் விளையாடுவது, ஆனால் ஒர்க் ஸ்டடி வேகத்தில் விளையாடுவது. முதல் நாள் ஏதோ கோளாறு என்று கம்பெனியே நினைத்துக்கொள்ளட்டும் என்று கணக்குப் போட்டேன். உங்கள் அத்தை ஒருத்தர் மட்டும் மெதுவாக ஆடினால் நம்பமாட்டார்கள் என்று லைன் பெண்களையும் சாயங்காலம் வரவழைத்தேன். மாப்பிள்ளை, அந்தப் பெண்களின் திறமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முக்தார் பாய் வீட்டு ஃபிர்தௌஸ் ஒரு செர்ரியைத் தூக்கி, கேக்கைப் பார்த்து, செர்ரியைப் பார்த்து, முக்காட்டைச் சரிசெய்து, வைக்கப் போகும்போது அந்தக் கேக் போயே போய்விட்டது. சங்கீதா பழக்கதோஷத்தில் நூல் அறுந்துவிட்டது என்று கையைத் தூக்கினாள், அங்கே ஏது நூல். சின்னப் பிள்ளைகளுக்கான ஆட்டத்துக்கு மாற்றவா என்று பெட்டியே இரக்கப்பட்டுக் கேட்டது. முக்தார் பாய் ஒரு படி மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆடும் இடத்தில் சாமான் ஏதோ கிடக்கிறது, அப்புறப்படுத்துங்கள் என்று திரையில் எழுதி வந்தது. அதிலிருந்து பாய் அந்தப் பெட்டியோடு பேஜார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது நேற்று ஜாஸ்மின் போன் செய்து அழுகிறாள். எங்கள் வீட்டுக் கணக்குதான் எல்லாவற்றையும்விட மோசமாம். கை அசைவால் இந்தப் பெட்டி பிழைக்காது, விளையாடுகிறவர்கள் தூங்கிவிழுகிறார்கள் என்று மீட்டிங்கில் போட்டுக் காட்டிச் சிரித்தார்களாம். உங்களைப் புகார் கேட்கிற நாற்காலிக்கே அனுப்பப் போகிறார்களாம். மகள் அழுவதைக் கேட்க முடியவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள், இதுவும் ஒரு ஏற்பாடாக இருக்கலாம் இல்லையா? மாமனார் மனம் இளகி, நாளைக்கே உங்கள் அத்தையை நிஜ வேகத்தில் ஆடச் சொல்லிவிடுவார் என்று யாராவது யோசனை சொல்லியிருந்தால்? உங்களைச் சந்தேகப்படவில்லை, உங்கள் பின்னால் நிற்கிறவர்களைத்தான் சந்தேகப்படுகிறேன். நீங்களும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், நல்லது.

ஆகவே அந்தக் கேமரா பார்ப்பதெல்லாம் எங்கே போகிறது என்று உங்கள் கைப்படப் பதில் எழுதவும். அதுவரை கேமரா எங்கள் அரிசி டிரம்முக்குள் இருக்கும். ஜாஸ்மினுக்கு எங்கள் முத்தங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், பெட்டி விஷயத்தைச் சொல்ல வேண்டாம். ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் நன்மையையே விரும்பும் மாமா,
ஆரோக்கியசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்கமாட்டார்கள் என்று கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டாம் பூசைக்குப் போனேன், அப்படியே கோயில் கமிட்டிக் கூட்டத்திலும் உட்கார்ந்துவிட்டேன். முதல் பூசைக்கே போய்வந்துவிட்ட உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டு, ஜாஸ்மினுக்குப் போன் போட்டு, "அந்தக் கேமரா பாக்கறது எங்க போவுது?" என்று ஒரே கேள்வி கேட்டாராம். முகம் போகாது, பேர் போகாது, மூட்டுகள் அசைவது மட்டும் புள்ளி புள்ளியாகப் போகும், அதுவும் உங்கள் கம்பெனியைத் தாண்டாது என்று ஜாஸ்மின் சொல்லிவிட்டாள். திரும்பி வந்ததும் எனக்கு விசாரணை. "அப்போ அந்த பேக்டரி கேமரா?" என்றேன். "வெளிநாட்டுப் பார்ட்டிக்கு நம்ம லைனைக் காட்டப் படம் புடிக்கிறாங்க. அந்த ஆபீசர் வந்த அன்னைக்கே கேட்டேன்" என்றார். எங்கிட்ட ஏன் சொல்லல என்று கேட்டதற்கு, "நீங்க எங்க என்னைக் கேட்டீங்க, முக்தார் பாயைத்தானே கேட்டீங்க" என்கிறார்.

நான் கமிட்டியில் இருந்த நேரத்தில் உங்கள் அத்தை அரிசி டிரம்மிலிருந்து கேமராவை எடுத்து, பூசை முடிந்து வந்த லைன் பெண்கள், ஃபிர்தௌஸ் எல்லாரையும் கூப்பிட, அத்தனை பேரும் நிஜ வேகத்தில் ஆடியிருக்கிறார்கள். நான் வரும்போது ஆட்டம் முடிந்து எல்லாரும் வேர்த்துப்போய் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் ஜாஸ்மின் மறுபடி போன் செய்தாள், இந்தத் தடவை அழுகையா சிரிப்பா என்றே தெரியவில்லை. மற்ற பெண்கள் கணக்கை ஒப்புக்கொண்டார்களாம், உங்கள் அத்தை கணக்கை மட்டும் நம்பமாட்டேன் என்கிறார்களாம். மனுஷக் கை இப்படிப் போகாது, ஒருத்தி பின்னால் இன்னொருத்தி ஒளிந்து நின்று நாலு கையால் ஆடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள மாப்பிள்ளையே ஏதோ தில்லுமுல்லு செய்திருக்க வேண்டும் என்று உங்கள் பெரிய அதிகாரி நேரிலேயே வருகிறாராம், வருகிற சனிக்கிழமை, கையில் வாட்சோடு.

மாப்பிள்ளை, எனக்கு இப்போது இருக்கிறது சந்தேகம் இல்லை, பயம். வாட்ச் பிடித்த ஆள் பின்னால் வந்து நின்றால் உங்கள் அத்தையின் கை தானாக நின்றுவிடும். வேண்டுமென்று செய்வதில்லை, அப்படியே பழகிவிட்டது. அன்றைக்கு அது நின்றால் உங்கள் பேரும் போய்விடும். "அவரு பின்னாடி நின்னா உன் கை ஓடுமா?" என்று கேட்டேன். தெரியலங்க என்றார். அப்புறம் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "எத்தன வருஷம், ஒருத்தர் எதிரிலயும் முழுசா ஓட்டிக் காட்டினதில்ல. மாப்பிள்ளைக்காகவும்தான், எனக்காகவும்தான், காட்டணும்போல இருக்கு" என்றார்.

அதனால் உங்கள் பெரியவரைப் பின்னால் நிற்கவிட மாட்டேன். டிவிக்குப் பக்கத்தில், உங்கள் அத்தை முகம் நேராகத் தெரிகிற இடத்தில் நாற்காலி போட்டுவிடுகிறேன். அதற்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. குடும்பம் நடத்தி இத்தனை காலத்தில் அந்த வேகத்தை நானும் இன்னும் பார்த்ததில்லை.